அடுத்த மாதம் வந்துவிடும் சார்!

என் நண்பர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். பில் போடும் சாப்ட்வேரின் புதிய பதிப்புக்கு முன்பணம் கட்டி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாதம் வந்துவிடும் சார்" என்ற ஒரே பதில்தான். எது முடிந்தது, எது பாக்கி என்று கேட்டால் அது கம்பெனி ரகசியமாம். சாப்ட்வேர் தாமதமாவது புதிதல்ல. எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று எழுதுபவருக்கே சரியாகத் தெரியாது. அதை நான் குறை சொல்லவில்லை. காத்திருப்பவரை இருட்டில் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் பெயர் பெற்றது டியூக் நியூகெம் பாரெவர் என்ற கேம். அறிவித்தது 1997ல். எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு 3டி ரியல்ம்ஸ் நிறுவனம் சொன்னது, முடிந்ததும் வரும் என்பதே. 1998லும் 2001லும் முன்னோட்டம் காட்டினார்கள். பிறகு 2007 வரை ஏறக்குறைய மௌனம். 2009ல் அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள். கியர்பாக்ஸ் நிறுவனம் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டபோது, 14 ஆண்டுகள் காத்திருந்தது இதற்குத்தானா என்ற அலுப்பே மிஞ்சியது. 2001ல் உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்பது, 2022ல் அது கசிந்த பிறகுதான் கேம் பிரியர்களுக்குத் தெரிந்தது.

நெட்ஸ்கேப் செய்தது வேறு. 1998 மார்ச் 31 அன்று தன் பிரவுசரின் சோர்ஸ் கோடை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதே அக்டோபரில், பக்கங்களைத் திரையில் காட்டும் பழைய என்ஜினை ஒதுக்கிவிட்டு, கெக்கோ என்ற புதிய என்ஜினுக்கு மாறுவதென முடிவாயிற்று. மொஸில்லா 1.0 வந்தது 2002 ஜூன் 5ல். அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையை வளைத்துப் போட்டுவிட்டது. ஆகவே திறந்து வைத்தால் வேலை வேகமாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். (குனு ஹர்டைப் பாருங்கள். 1990ல் தொடங்கியது, எல்லாம் பகிரங்கம்தான், 1.0 இன்னும் வரவில்லை!)

ஆனால் அந்த நான்கு ஆண்டுகளிலும், அன்றன்று தயாரான மொஸில்லாவை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து பார்க்க முடிந்தது. எந்தப் பிழை தீர்ந்தது, எது தீரவில்லை என்று பக்ஸில்லாவில் படிக்க முடிந்தது. காத்திருப்பதா, வேறு பிரவுசருக்குப் போவதா என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏ.ஓ.எல். 2003 ஜூலையில் பிரவுசர் குழுவைக் கலைத்தபோது, எழுதிய கோட் அலமாரியில் வைத்துப் பூட்டப்படவில்லை. புதிதாகத் தொடங்கிய மொஸில்லா அறக்கட்டளை வேலையைத் தொடர்ந்தது. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்தது.

கேமின் கதையை மறைத்து வைப்பதில் நியாயம் உண்டு. மருந்துக் கடை பில்லில் என்ன சஸ்பென்ஸ்? முடிந்தவரை உள்ளதைக் கடை கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கம்பெனியை மூடினால் சோர்ஸ் கோட் உங்களுக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். அவரும் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் பேசலாம் என்றார்களாம்.