ஒரு சான்றிதழுக்கு எத்தனை மேசை?

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி பெறுபேற்றுச் சான்றிதழுக்காக வாப்பாவோடு மூன்று தடவை பல்கலைக்கழகம் போய் வந்தாள். விண்ணப்பம் ஒன்லைனில்தான். ஆனால் அதை அச்சிட்டு நூலகம், விடுதி, பீடம் என்று மேசை மேசையாகக் கையொப்பம் வாங்க வேண்டுமாம். நூலகக் கடன் இல்லை என்பது அவர்களுடைய கணினியிலேயே இருக்கிறதே!

கேட்டால் "சட்டம் இடம் தராது" என்கிறார்கள். மின்பதிவையும் மின்கையொப்பத்தையும் ஏற்கும் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது, 19ஆம் இலக்கம். தடை சட்டமல்ல, பயம். மேசை குறைந்தால் அதிகாரம் குறையும். கணக்காய்வு வந்தால் யார் பதில் சொல்வது?

எழுதுவினைஞரை ஏசிப் பயனில்லை. பேரவையில் இருப்பவர்களே, ஒரேயொரு படிவத்தை எடுங்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் காரணம் கேளுங்கள். காரணமில்லாததை வெட்டுங்கள்.

பதவி அமானிதம். அந்தப் பிள்ளையின் பஸ் காசுக்கும் கணக்கு உண்டு.