கரும்பொருள் ஏன் இன்னும் சிதையவில்லை?

கரும்பொருள் எதனால் ஆனது என்று கேட்டு எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. கிள்ளானில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு அரை ஆயுள் பாடம் நடத்தும் எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. பிரபஞ்சம் தோன்றி 1,380 கோடி ஆண்டுகள் ஆகியும் அது ஏன் சிதையாமல் இருக்கிறது?

துகள்களுக்குச் சிதைவதுதான் வழக்கம். அணுக்கருவை விட்டு வெளியே வந்த நியூட்ரான் சராசரியாக 15 நிமிடம்கூடத் தாங்காது. எலெக்ட்ரான் தப்பிப்பதற்குக் காரணம், அதைவிட இலேசான மின்னேற்றத் துகள் எதுவும் இல்லை. இறங்குவதற்குப் படி கிடையாது.

கரும்பொருளுக்கோ மின்னேற்றமே இல்லை. அதைக் காப்பது எது? மீச்சமச்சீர்மைக் கோட்பாட்டில் இதற்கு ஓர் ஒற்றை, இரட்டை விதி உண்டு. நாம் அறிந்த துகள்கள் இரட்டைப்படை. அந்தக் கோட்பாடு முன்வைக்கும் புதிய துகள்கள் ஒற்றைப்படை. இரட்டைப்படை எண்களை எத்தனை கூட்டினாலும் ஒற்றைப்படை வராது அல்லவா? அதனால் ஒற்றைப்படைத் துகள்களில் மிக இலேசானதற்குச் சிதைய வழியில்லை.

அழகான விதிதான். ஆனால் அது கோட்பாட்டிலிருந்து தானாக வந்ததல்ல. அது இல்லாவிட்டால் புரோட்டான் (நம் நாட்டுக் காரைச் சொல்லவில்லை) கண்ணிமைக்கும் நேரத்தில் சிதைந்துவிடக்கூடும் என்பதால் சேர்க்கப்பட்டது. புரோட்டான் உண்மையிலேயே சிதைகிறதா என்று 1980களில் தேடிய இடங்களுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கம். இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே 140 டன் கருவியை வைத்துப் பார்த்தார்கள். சில தடயங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். பின்வந்த பெரிய கருவிகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தேசியத் துகள் இயற்பியல் மையம் செர்னின் சிஎம்எஸ் ஆய்வில் பங்கேற்கிறது. மோதலுக்குப் பின் கணக்கில் குறையும் உந்தத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ வெளியேறியதென்று அங்கே ஊகிப்பார்கள். வேகமான துகள் அந்தக் கருவியைக் கடக்க நொடியில் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. வாசலைத் தாண்டியதும் அது சிதைந்ததா, இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியாது.

ஆகவே, "மோதுவிப்பானில் கரும்பொருள் கண்டுபிடிப்பு" என்று என்றாவது தலைப்புச் செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். நிலத்தடிக் கருவிகளிலோ வானத்திலோ அதே துகள் தென்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.