கேட்டால் சொல்வோம் என்றிருந்தோம்

'புதுச்சேரி' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? தமிழ் படித்தவர் ஐந்தெழுத்து என்பார்: பு, து, ச், சே, ரி. யூனிகோடு கணக்கில் அது பத்து குறியீடுகள். உகரக் குறி, புள்ளி, ஏகாரக் குறி எல்லாம் அங்கே தனித்தனியாக எண்ணப்படும். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட்டுகள். மூன்றும் சரியான விடைகள்தான். ஒரு லைப்ரரியில் நீளம் சொல்லும் ஃபங்ஷன் இருந்தால், அது இந்த மூன்றில் எதைத் தரும் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நாங்கள் எழுதவில்லை.

நாங்கள் என்றால், இதே புதுச்சேரியில் உட்கார்ந்து தமிழுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுதும் கூட்டம். கல்லூரி மாணவர்கள், ஐடி ஊழியர்கள், ஓரிரு ஆசிரியர்கள். புதிய பதிப்பு வெளியிடும் நாளில் எல்லோரும் இருப்போம். டாக்குமென்டேஷன் என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்துவிடும்.

நேரமில்லை என்பது பாதி உண்மைதான். மீதியைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது: கேட்கப்படுவது எங்களுக்குப் பிடித்திருந்தது. "அண்ணா, ரெண்டு 'கோயிலும்' ஒரே மாதிரிதான் இருக்கு, ஆனா தேடினா ஒண்ணுதான் கிடைக்குது" என்று ஒரு மாணவர் போனில் கேட்பார். "அதுவா தம்பி, நார்மலைஸ் பண்ணிட்டு அனுப்பு" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்வோம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு தரமே இரண்டையும் ஒன்றாக்க வழி வகுத்திருக்கிறது, அதுதான் நார்மலைசேஷன். இதை விளக்க நான்கு வரி போதும். அந்த நான்கு வரியை எத்தனையோ பேருக்கு வாயால் சொன்னோம், வாட்ஸப்பில் தட்டினோம். கையேட்டில் மட்டும் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் எங்களைக் கேட்க வேண்டியிருக்காதே! பதில் சொல்லும் அண்ணனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததும், அவரோடு நிரலின் அந்தப் பகுதிக்கான விளக்கமும் பஸ் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் நிரலைத் தோண்டிப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள், அல்லது சொல்லாமல் விலகிப் போனார்கள். விலகியவர்களை நாங்கள் தேடவும் இல்லை.

வரிசைப்படுத்தும் ஃபங்ஷனிலும் இதே கதை. யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை ஒட்டி வரும். ழகரம் வகரத்துக்கு முன்னால் போய் உட்காரும். ஆய்தம் அகரத்துக்கும் முந்திவிடும். அந்த எண்களை நம்பி ஒரு பெயர்ப்பட்டியலை அடுக்கினால் அகராதி வரிசை கிடைக்காது. இது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை எழுதுவது வேலையில்லை என்று நினைத்தோம்.

பக்கங்களே இல்லை என்று சொல்ல முடியாது. நிரலிலிருந்து தானாக உருவாக்கிய பக்கங்கள் உண்டு. எழுத்துகளைப் பிரிக்கும் ஃபங்ஷனுக்கு அங்கே உள்ள விளக்கம், அது எழுத்துகளைப் பிரிக்கும் என்பதே. வெற்றுச் சரம் கொடுத்தால் என்ன ஆகும், இடையில் ஆங்கில எழுத்து வந்தால் என்ன ஆகும், கிரந்த 'க்ஷ' ஒன்றா இரண்டா, எந்தப் பதிப்பில் நடத்தை மாறியது, எதுவும் இல்லை. அந்த அரைகுறையும் ஆங்கிலத்தில். மேடையில் கணித்தமிழ் பற்றி முழங்கிவிட்டு, தமிழ் நிரலுக்கான கையேட்டை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருப்பதை எங்களில் யாரும் முரணாகப் பார்க்கவில்லை. மெனுக்களைத் தமிழாக்க நாங்கள் பழகிய அதே பிஓ கோப்புகள் வழியாக, ஸ்ஃபிங்ஸ் என்ற கையேட்டுக் கருவியில் கையேட்டையும் தமிழாக்க முடியும் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

எங்கள் ஊரின் செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் சேகரிப்பு உட்பட, புதுச்சேரியின் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின என்று வெளியூர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வோம். பூச்சி அரிக்கும் ஏட்டைத் தலைமுறைதோறும் யாரோ புது ஓலையில் படியெடுத்ததால்தான் அவை நம் காலம்வரை வந்தன. எங்கள் ரீட்மீ கோப்போ இரண்டு பதிப்புகளுக்கு முன்பே செத்துவிட்டது.

இப்போது திருத்தத் திட்டமிடுகிறோம். எந்தக் கருவி என்ற சண்டையில் முதல் கூட்டம் போய்விட்டது. அது எங்களுக்கு வசதியான ஓட்டம். பைத்தான் மொழியின் கையேடும் லேடெக் வடிவத்தை விட்டு 2008-இல் புது வடிவத்துக்கு வந்தது, ஸ்ஃபிங்ஸ் பிறந்ததே அந்த வேலையில்தான். ஆனால் அங்கே மாற்றுவதற்கு நல்ல எழுத்து கையில் இருந்தது. எங்களிடம் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

அதனால் முன்மாதிரியைப் பழைய இடத்தில் தேடினோம். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதன் பக்கங்களில் நிரலுக்கு உரியவர் யார் என்று ஒரு தலைப்பு, தெரிந்த பிழைகள் என்று இன்னொரு தலைப்பு. எழுதியவர்களே தங்கள் நிரலின் குறையை அச்சில் ஒப்புக்கொண்டார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பொறுப்பாளர் பெயர் இல்லாத பக்கம் இனி இருக்காது. ஊரைவிட்டுப் போகிறவர் தன் பக்கங்களை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எடுத்துக்காட்டு ஒவ்வொன்றும் சோதனையாகவும் ஓட வேண்டும். பொய்யான எடுத்துக்காட்டு இருந்தால் ரிலீஸ் நிற்கும். புதிதாக வருகிறவர் கேட்கும் கேள்விக்கு போனில் பதில் சொல்வதை நிறுத்தப் போவதில்லை, அப்படி நிறுத்துவது மனிதத்தன்மை இல்லை. ஆனால் சொன்ன பதிலை அன்றைக்கே கையேட்டில் சேர்த்தாக வேண்டும். எழுத்து எண்ணல், நார்மலைசேஷன், வரிசை, இந்த மூன்றும் முதலில். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே. மாகேயும் ஏனாமும் சேர்ந்த இந்த ஒன்றிய ஆட்சிப்பகுதியில் மலையாளமும் தெலுங்கும் எங்கே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் இந்த ஆண்டு கையில் ஆளில்லை.

தீராமல் நிற்பது பழைய பக்கங்களின் கதி. இருக்கட்டும், ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதானே என்கிறார்கள் சிலர். தவறான விளக்கம் விளக்கமின்மையைவிட மோசம், நீக்கிவிடலாம் என்பது என் கட்சி. முடிவாகும்வரை அவற்றின் தலையில் சிவப்பு எழுத்தில் பதிப்பு எண்ணையும், 'சரிபார்க்கப்படவில்லை' என்ற குறிப்பையும் ஏற்றியிருக்கிறோம்.