இராக வைத்திய மறுப்பு

இசை உள்ளத்தை அசைக்கும் என்பதை மறுப்பார் யாருமிலர், யாமும் மறுக்கின்றிலம். மார்கழித் திங்களில் மயிலைச் சபைகளிலும் தியாகராயநகரத்து மண்டபங்களிலும் அன்பர் பலர் கண்ணீர் மல்கி வீற்றிருத்தல் கண்கூடு. ஆயின் இதனையே பற்றுக்கோடாகக் கொண்டு, ஆனந்தபைரவி இரத்த அழுத்தத்தைத் தணிக்கும், நீலாம்பரி உறக்கந் தரும் என நோய்க்கோர் இராகம் வகுத்த அட்டவணைகளைச் சிறு நூல்கள் வாயிலாகவும் கைப்பேசி வாயிலாகவும் பரப்புவார் உளர். அவற்றை நம்பி மருந்தை நிறுத்தத் துணிவாரும் உண்டாகக்கூடுமாதலின், இதனை ஆராயாது விடுதல் தகாது.

அவர் காட்டும் சான்று மேனாட்டு மூளையாராய்ச்சி. அது கூறுவது யாது? கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தார், இசையால் மெய்சிலிர்ப்பார் 8 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். இன்பம் உச்சமுறுமுன் அதனை எதிர்நோக்கும் பொழுது மூளையின் ஒரு பகுதியிலும், உச்சத்தின்கண் மற்றொரு பகுதியிலும் டோபமின் என்னும் பொருள் சுரந்தது. உண்மையே. ஆனால் அவ்வெண்மரும் தாந்தாம் விரும்பிய இசையையே கொணர்ந்தனர். ஒருவரைச் சிலிர்ப்பித்த இசை மற்றொருவர்க்கு வெற்றோசையாய் நின்றது. ஒப்புநோக்குதற்கு ஆய்வாளர் அதனையே பயன்கொண்டனர். ஆற்றல் முழுதும் சுரத்திலேயே கிடப்பதாயின் இங்ஙனம் நிகழுமோ? எதிர்நோக்கல் பழக்கத்தான் வருவது. ஆனந்தபைரவியைப் பிறந்தது முதற் கேளாதான் அதன்கண் எதனை எதிர்நோக்குவன்?

நீலாம்பரியின் கதையும் அதுவே. தூளியின் அசைவும் தாயின் குரலும் தாழ்ந்த நடையும் சேர்ந்தே குழவியை உறங்குவிக்கின்றன. சபையில் உறங்குவாரோ இராகம் பார்த்து உறங்குவதில்லை!

அற்றேல், அப்பரடிகள் சூலை தீர்ந்தது கொல்லிப்பண்ணால் அன்றோ எனின், அன்று. திலகவதியார் திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு புக்கதும், அடிகள் இறைவனை வேண்டிப் பாடியதும், அருளால் நோய் தீர்ந்ததும் பெரியபுராணத்துட் காண்க. கொல்லியே மருந்தாயின், அப்பண்ணிலமைந்த ஏனைப் பதிகங்கட்கெல்லாம் சூலை தீர்த்தலே பயனாதல் வேண்டும். ஞானசம்பந்தரின் திருக்கழுமலப் பதிகம் ஒன்று கொல்லியே, ஆண்டுச் சூலைக்கு இடமில்லை. பாண்டியன் வெப்புத் தீர்த்த திருநீற்றுப்பதிகம் காந்தாரம். மழவன் மகளின் முயலகன் தீர்த்தது தக்கராகம். நம் மயிலைப் பூம்பாவைத் திருப்பதிகமோ சீகாமரம். ஓதுவார் இன்று அதனை நாதநாமக்கிரியையில் ஓதுவர். நாதநாமக்கிரியை பாம்பின் நஞ்சை இறக்கும் என்று அட்டவணையில் ஏன் எழுதிற்றிலர்? எழுதின் நகைப்பர் என்னும் அச்சமன்றோ! ஏனையவற்றிற்கு மட்டும் அவ்வச்சம் இல்லாதொழிந்தது வியப்பே.

இசை நோயாளர்க்கு ஒருவாற்றானும் உதவாதோ எனின், உதவும். அறுவைக்குமுன் எழும் மனக்கலக்கம் பற்றிக் காக்ரேன் குழுவினர் 2013ஆம் ஆண்டில் 26 சோதனைகளைத் தொகுத்து நோக்கி, இசை கேட்டல் அதனைக் குறைக்கக்கூடும் என்றனர். கலக்கந் தணிதல் வேறு. நோய் தீர்தல் வேறு.

இனி அட்டவணை வகுத்தோரை யாம் வினவுவன இவை: எத்தனை நோயாளரிடத்துச் சோதித்தீர்? சொல்லோடு பாடியோ, சொல்லின்றி வாசித்தோ? எக்காலத்தில், எத்துணைப் பொழுது? அந்நோயாளர்க்கே பிறிதோர் இராகமும், வாளாவிருத்தலும் அளித்து ஒப்பிட்டீரோ? விடையை எழுத்தில் வெளியிடுக.