படிக்காமல் போட்ட கையெழுத்து

"தவளையை அறுக்கச் சொல்வார்களாமே, நிஜமாடீ?"

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுப் படி ஏறியதும் ஏறாததுமாக, காபிக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது இந்தக் கேள்விதான். அக்காவின் பெண் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பி.எஸ்ஸி. தாவரவியல், துணைப் பாடமாக விலங்கியலும் உண்டு. டாக்டர் படிப்புக்குப் பரீட்சை எழுதிப் பார்த்து, இடம் கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள். "ஏதோ ஒரு டிகிரி. மூன்று வருஷம் ஒழுங்காகப் போய் வந்தால் சரி" என்பது அக்காவின் கட்சி.

"அந்தப் பயம் உனக்கு வேண்டாம் அக்கா. வகுப்பில் பிராணிகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி 2011-லேயே பல்கலைக்கழக மானியக் குழு யோசனை கூறியது. 2014-ல் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது படத்தையும் பொம்மை உருவத்தையும் கம்ப்யூட்டரையும் வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தவளைகள் பிழைத்துப் போயின" என்றேன்.

"அப்பாடா! இனிமேல் எனக்கு ஒரு கவலையும் இல்லை" என்று காபி டம்ளரை நீட்டினாள் அக்கா.

கவலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. உள்ளேயிருந்து பெண் வந்தாள். முகம் இஞ்சி தின்றாற்போல் இருந்தது. கையில் ரிகார்ட் நோட்டு.

"சித்தி, இதைப் பாருங்கள்" என்று பிரித்துக் காட்டினாள். இடப் பக்கத்து வெள்ளைத் தாளில், பென்சிலால் வரைந்த வெங்காயத் தோல். செங்கல் அடுக்கியது போலக் கட்டம் கட்டமாகச் செல்கள். நடுவிலே கறுப்பு விளிம்போடு பெரிய வட்டம் ஒன்று. அதற்குக் கோடு இழுத்து 'உட்கரு' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பேராசிரியையின் கையெழுத்து: 'இது காற்றுக் குமிழி. அடுத்த வகுப்பில் மறுபடியும் பார்த்து வரை.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"அடுத்த பிராக்டிகல் வியாழக்கிழமை வருகிறது, சித்தி. அன்றைக்குத்தான் அம்மா லீவு போடச் சொல்கிறாள்" என்றாள் பெண்.

"பின்னே? திருச்சியில் பெரியப்பா வீட்டு வளைகாப்பு! ஒரு நாள் போகாவிட்டால் காலேஜ் குடிமுழுகிப் போய்விடுமா? 75 சதவீதம் வந்தால் போதுமாம், அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். படத்துக்கு என்ன பிரமாதம்? மாடி வீட்டுப் பையன் அச்சாகப் படம் போடுவான். புத்தகத்தைக் கொடுத்தால் அரை மணியில் முடித்துவிடுவான்" என்றாள் அக்கா.

"அச்சடித்துக் கொடுத்தார்கள் என்றாயே, அந்தத் தாள் எங்கே?" என்று கேட்டேன்.

காலண்டர் ஆணியில், மின்சார அட்டைக்குப் பின்னால் கிடைத்தது. கல்லூரி திறந்த முதல் வாரம் கொடுத்தது. முதல் வருஷ மாணவிகள் கவனிக்க வேண்டிய விதிகள். அடியிலே 'பெற்றோர் கையொப்பம்'. அக்காவின் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது. காஸ் சிலிண்டர் வந்தால் போடுகிற அதே கையெழுத்து, அதே வேகம், ஒரு வரி படித்தாளில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆணியிலும் இப்படி ஒரு தாள் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே, அன்று அக்காவுக்கு நான் படித்துக் காட்டியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதல் விதி வருகை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். அதில் 75 சதவீதம் என்றால் 68 நாள் போக வேண்டும். மிச்சம் 22 நாள். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால், கல்லூரிக்குக் கல்லூரி விவரம் சிறிது மாறினாலும், பெரும்பாலும் கதை இதுதான்: 65 சதவீதம் வரைக்கும் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் அபராதக் கட்டணமும், அதற்கும் கீழே போனால் அந்தத் தடவை பரீட்சை எழுத முடியாது.

ஆனால், அக்கா போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் திங்கள், செவ்வாய் என்று பாடம் நடப்பதில்லை. ஆறு நாளை ஒரு சுற்றாக வைத்துக்கொண்டு, 'டே ஆர்டர்' என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். 90 நாளில் 15 சுற்று. சுற்றுக்கு ஒரு பிராக்டிகல் என்றால், செமஸ்டர் முழுவதும் சேர்ந்து 15 தான்! அதில் ஒன்றை விடுவது, 90-ல் ஒரு நாளை விடுவது போல ஆகாது. வளைகாப்புக்கு ஒன்று, கிரகப்பிரவேசத்துக்கு ஒன்று, ஊரிலிருந்து நாத்தனார் வந்ததற்கு ஒன்று என்று மூன்று போனால், செய்முறைப் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

"அந்த 22 நாளை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிற பணமாக நினைத்துக்கொள் அக்கா. ஜுரம் வரும், மாதத்தில் எழுந்திருக்க முடியாத நாள் வரும், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டி வரும். அதற்கெல்லாம் இருக்கட்டும். பட்டாசு வாங்க அதில் கை வைக்காதே" என்றேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால், தாளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த விதிகள் சிலவற்றுக்கு விளக்கமே வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட வேண்டும். தலையைப் பின்னித் தூக்கிக் கட்ட வேண்டும். லாபில் எதையும் தின்னக் கூடாது. அடுப்படியில் முந்தானையைச் செருகிக்கொள்கிற நமக்கு, நெருப்பும் அமிலமும் இருக்கிற இடத்தில் தலைப்பின்னல் எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த விதிதான் விஷயத்தின் உயிர். 'ரிகார்ட் நோட்டில் மாணவி தான் கண்டதையே, தானே வரைய வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஆசிரியையின் கையொப்பம் பெற வேண்டும். ரிகார்ட் முழுமையாக இல்லாதவர்கள் செய்முறைப் பரீட்சைக்கு அனுமதிக்கப்படமாட்டார்கள்.'

"படம் படந்தானே? யார் போட்டால் என்ன?" என்றாள் அக்கா.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை அப்போது சொல்லும்படி ஆயிற்று.

நானும் ஒரு காலத்தில் தாவரவியல்தான் படித்தேன். எங்கள் மாமாவின் கை சித்திரக்காரர் கை. என் ரிகார்டிலுள்ள படமெல்லாம் அவர் போட்டதுதான். வாரா வாரம் 'வெரி குட்' வாங்கினேன். வருஷக் கடைசியில் செய்முறைப் பரீட்சை. மேஜை வரிசையில் எண் போட்டு ஒவ்வொரு பொருளாக வைத்திருப்பார்கள். 'ஸ்பாட்டர்' என்று பெயர். பார்த்து, இன்னதென்று எழுத வேண்டும். ஒரு மைக்ராஸ்கோப்பில் வெங்காய வேரின் நுனி. அதில் ஒரு செல்லை முள் காட்டிக்கொண்டு நின்றது. அது பிரிவதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது கேள்வி.

மாமா போட்ட படத்தில் நாலு கட்டமும் நாலு கோலம் போலப் பளிச்சென்று இருக்கும். இங்கே குனிந்து பார்த்தால், சிவப்பாகப் பூசினாற்போல் நூறு செல். முக்கால்வாசி சும்மா இருந்தன. இங்கொன்று அங்கொன்றுதான் பிரிந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை. என்னத்தையோ எழுதி வைத்தேன். வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் என் ரிகார்டைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, அன்பாகத்தான் கேட்டார்: "இவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறாயே அம்மா, இது எப்படித் தெரியாமல் போயிற்று?"

திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். எப்படியோ தேறிவிட்டேன். ஆனால், அதற்கப்புறம் மைக்ராஸ்கோப்பின் பக்கமே போகப் பிடிக்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்கு வந்துவிட்டேன்.

அக்காவின் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் படம் தப்புத்தான். ஆனால், நீ நிஜமாகவே பார்த்துப் போட்டிருக்கிறாய். புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் காற்றுக் குமிழி எங்கிருந்து வரும்? எந்தப் புத்தகத்திலாவது காற்றுக் குமிழி போட்டிருக்கிறதா?" என்றேன். அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

வெங்காயத்தை முதல் பாடமாக வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அதன் உள் இதழிலிருந்து உரிகிற மெல்லிய சவ்வு, ஒரே ஓர் அடுக்குச் செல்லால் ஆனது. வெளிச்சம் தாராளமாக ஊடுருவும். அதைக் கண்ணாடித் துண்டின் மேல் சுருங்காமல் விரித்து, சாயம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய மூடியை ஊசியால் தாங்கிச் சாய்வாக, மெள்ள மெள்ள இறக்க வேண்டும். படக்கென்று போட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு கறுப்பு விளிம்போடு வட்டமாகக் கண்ணைப் பறிக்கும். முதலில் சின்ன லென்ஸில் பார்த்து, பிறகுதான் பெரிய லென்ஸுக்குப் போக வேண்டும். கண்ணாடியை இடப் பக்கம் நகர்த்தினால் உருவம் வலப் பக்கம் ஓடும். தோசைக் கல்லின் சூடு கைக்குத் தெரிவது போல, இதெல்லாம் கைக்குத் தெரிய வேண்டியவை. சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டு யாராவது முறுக்குச் சுற்றியதுண்டா?

செல்போனில் ஸ்லைடைப் படம் பிடித்துக்கொண்டு, வீட்டில் சாவகாசமாக வரைகிற வழக்கமும் இப்போது வந்திருக்கிறதாம். கட்டுரை கொடுத்தால் கம்ப்யூட்டரையே எழுதித் தரச் சொல்வதும் உண்டாம். அந்தத் தாளில் அதற்கும் ஒரு விதி இருந்தது: பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தால் மதிப்பெண் கிடையாது. பல கல்லூரிகளில் 100-ல் 25 மதிப்பெண் உள்ளேயே போடுவது; 75 தான் பரீட்சைக்கு. அந்த 25-ல் இந்தக் கட்டுரையும் சேரும். ஆனால், மதிப்பெண் போவது சின்ன நஷ்டம். கண் பழகாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர், தக்கையை மெல்லியதாகச் சீவிப் பார்த்து, அதிலே தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் வரைந்து வைத்த படம் இன்றும் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 1897-ல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், நம் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தவர். அமெரிக்கா போய் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமசோம்களை ஆராய்ந்தார். பயிரிடும் தாவரங்களின் குரோமசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து 1945-ல் அவர் வெளியிட்ட நூல் உலகப் பிரசித்தம். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெங்காயத்துக்கு 16 குரோமசோம். அவற்றை எண்ண வேண்டுமானால் யாராவது ஒருவர் குனிந்து, தன் கண்ணால் எண்ணித்தான் ஆக வேண்டும். மாமாவை அனுப்ப முடியாது.

"டாக்டருக்குக் கிடைக்காததால் வந்த படிப்பு என்று இவளிடம் தினம் சொல்லிக் காட்டாதே, அக்கா. இவள் அதையே நம்பிவிட்டால் அரை மனசோடு போவாள். அரை மனசோடு பார்க்கிற கண்ணுக்குக் காற்றுக் குமிழிதான் தெரியும்" என்றேன்.

அக்கா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். கோபமோ என்னவோ என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்துப் பெரியப்பா வீட்டுக்குப் போனில் பேசுகிற குரல் கேட்டது. "நானும் அவரும் காலையிலேயே வந்துவிடுகிறோம். குழந்தைக்குக் காலேஜில் பிராக்டிகல். சாயந்திரம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். ராத்திரிக்கு வந்து வளையல் போட்டுக்கொள்வாள்... இல்லை, லீவு போட முடியாது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!"

நானும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

உள்ளே போனபோது அக்கா சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு இதழின் உட்புறத்திலிருந்து அந்த மெல்லிய சவ்வை நகத்தால் கிள்ளி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதிலேயா அத்தனை அறை இருக்கிறது?" என்றாள். கண்ணில் நீர். வெங்காயந்தான்.

"காலேஜில் என்றைக்காவது பெற்றோரைக் கூப்பிட்டால், எனக்கும் ஒரு தடவை அந்த மைக்ராஸ்கோப்பைக் காட்டுவார்களா என்று கேளேன்" என்றாள் மகளிடம்.