பாட்டியின் முகமும் குழல் விளக்கும்

என் தமக்கையின் மகன் சினிமாக் கலை பயில்கிறவன். சென்ற வருஷம் ஒரு நாள் காமிராவும் கையுமாக வந்து நின்று, "மாமா! பாட்டியைப் பேச வைத்துப் படம் எடுக்கப் போகிறேன்" என்றான். அவனுக்குப் பாட்டி, எனக்குத் தாயார், வயது தொண்ணூற்றிரண்டு. சமையலறையை அடுத்த பத்தடிக்கு எட்டடி அறைதான் அவளுடைய ராஜ்யம்.

அந்த அறையில் இருந்த ஒற்றை ட்யூப் விளக்கின் கீழே படம் எடுத்தான். போட்டுப் பார்த்தால், திரை முழுவதும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்தன. முகமோ பச்சை! பாட்டி பார்த்துவிட்டு, "ஏண்டா, என்னைப் பாசி படர்ந்த அம்மியாக ஆக்கிவிட்டாயே!" என்றாள். மறு வாரம் அவன் ஆயிரம் வாட் பல்புகள் இரண்டைக் கொண்டுவர யோசித்தான். நான் தடுத்துவிட்டேன். அந்த உஷ்ணத்தில் காமிரா தாங்கும்; கிழவி தாங்குவாளா?

இதே சங்கடம் அமெரிக்காவில் பெரிய மனிதர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1987-ல் வெளிவந்த 'பார்ஃப்ளை' என்ற படத்துக்கு ராபி முல்லர் ஒளிப்பதிவு செய்தார். படம் எடுத்த இடங்களோ குறுகலானவை. வழக்கமான விளக்குகளை நிறுத்த இடமில்லை. விளக்குப் பொறுப்பாளர் ஃப்ரீடர் ஹோஹைமும் அவருடைய உதவியாளர் கேரி ஸ்விங்கும் ஓர் உபாயம் செய்தார்கள். குழலோடு ஒட்டியிருக்கும் கனமான சோக்கைப் பிரித்து, நீண்ட கம்பியால் தூரத்தில் வைத்தார்கள். மிஞ்சிய குழல் லேசாகிவிட்டதால் அதைச் சுவரிலேயே ஒட்டிவிட முடிந்தது! இதிலிருந்து பிறந்ததுதான் 'கினோ ஃப்ளோ' விளக்கு. 1995-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் இதற்குத் தொழில்நுட்பப் பரிசு அளித்தது.

அப்படியானால் வீட்டு விளக்குக்கும் இதற்கும் என்ன பேதம்? மூன்று பேதங்கள் உண்டு.

முதலாவது, துடிப்பு. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே பழைய சோக் பூட்டிய விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கண்ணை ஏமாற்றலாம்; காமிராவை ஏமாற்ற முடியாது. எலெக்ட்ரானிக் சோக்கோ வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் துடிப்பதால் பட்டை விழுவதில்லை. பழைய விளக்கைத் தவிர வேறு கதியில்லை என்றால், காமிராவின் திறப்பு நேரத்தை வினாடியில் 50-ல் ஒரு பங்காக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நிறம். குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் கதிர்கள் உள்ளே பூசிய பொடியில் பட்டு வெளிச்சமாகின்றன. மலிவான பொடியில் பச்சை மிகுந்து சிவப்புக் குறைகிறது. நம்முடைய மாநிறத்துக்கு உயிர் கொடுப்பதே அந்தச் சிவப்புத்தான். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100 மதிப்பெண் என்றால், 90-க்குக் குறைந்த குழலைத் தொட வேண்டாம். 3200 என்று குறித்தது பல்பின் மஞ்சளுக்கும், 5600 என்று குறித்தது பகல் வெளிச்சத்துக்கும் இசையும். இரண்டையும் கலக்கலாகாது.

மூன்றாவது, உஷ்ணம். சினிமாவுக்கென்று செய்த நான்கடிக் குழல்கள் நான்கு சேர்ந்தாலும் சுமார் 300 வாட்தான். வெளிச்சம் அகலமாக வருவதால் நிழலும் மிருதுவாக விழும். ஆனால் இது தூரம் போகாது. கல்யாண மண்டபத்துக்கு உதவாது, சிறு அறைக்குத்தான் ஏற்றது.

ஒரு எச்சரிக்கை. குழலில் பாதரசம் இருப்பதால், உலக நாடுகள் 2023-ல் மினமாட்டா ஒப்பந்தத்தின் கீழ் கூடி, பொது வெளிச்சத்துக்கான இவ்வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று தீர்மானித்தன. சினிமாக்காரர்களும் பெரும்பாலும் எல்.ஈ.டி. விளக்குக்கு மாறிவிட்டார்கள். ஆகையால் பழைய விளக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்ந்து வாங்காமல், மாற்றுக் குழல் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். எல்.ஈ.டி. வாங்கினாலும் துடிப்பையும் நிறத்தையும் சோதிப்பது அவசியம். விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன், விளக்கின் கீழே வீட்டு மனிதர் ஒருவரை உட்கார வைத்து அவர் முகத்தைப் பாருங்கள்.

எங்கள் பையன் நான்கு குழல் கொண்ட பழைய விளக்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தான். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, அதை ஜன்னல் பக்கமாக நிறுத்தினான். பாட்டி நாற்பது நிமிஷம் பேசினாள். படத்தைப் பார்த்து, "ஆமாம், இது நான்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

இந்தத் தை மாதம் அவள் காலமானாள். பச்சை முகத்தோடு திருப்தியடைந்திருந்தால் இன்று எங்களுக்கு மிஞ்சியிருப்பது அதுவாகவே இருக்கும். நேயர்கள் வீட்டிலும் பேசக் காத்திருக்கும் பாட்டிமார் இருப்பார்கள். நல்ல விளக்கைத் தேடுங்கள். ஆனால் தேடிக்கொண்டே இருந்துவிடாதீர்கள்.