கூண்டுக்கு வெளியே நிற்பவர் யார்?

கோடை விடுமுறையில் சங்கராபுரம் வட்டாரத்துச் சிறுவர்களைச் சேலத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி கடந்து, ஏற்காட்டு மலையடிவாரத்தில் 1981-இல் தொடங்கப்பெற்ற குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறோம். மறுநாள் பிள்ளையை வினவினால், "குரங்கு எங்களைப் பார்த்துச் சிரித்தது, முதலை செத்துக் கிடந்தது" என்கிறது. இரண்டும் பொய். அந்தப் பொய்களைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே.

குரங்கு உதடுகளை விரித்துப் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தின் அடையாளம். நாம் கம்பியைத் தட்டினோம், அது அஞ்சியது, நாம் சிரித்தோம். முதலை வாயைத் திறந்தபடி அசையாது கிடப்பது உடற்சூட்டைத் தணித்துக்கொள்வதற்காக. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நாம் கல்லைத் தேடினோம். மானுக்கு முறுக்கை நீட்டினோம். காலிப் பையைக் காற்றில் விட்டோம். மான் அசைபோடும் விலங்கு. அது விழுங்கும் பிளாஸ்டிக் செரிக்காமலும் வெளியேறாமலும் இரைப்பையில் திரண்டு, தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிறைந்திருக்கும்போதே மான் பட்டினியால் மடியும்.

இவற்றைச் செய்வோர் கொடியவர் அல்லர். பிள்ளைகளின் மகிழ்ச்சியை விரும்பும் நல்ல பெற்றோர். அதனால்தான் இதை எழுதுகிறோம். தப்பி ஓட இயலாத ஓர் உயிரைச் சீண்டுவது விளையாட்டு என்று கூண்டருகே கற்கும் பிள்ளை, நாளை பள்ளியில் தன்னைவிட எளிய பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்ளும்?

"காசு கொடுத்துத்தானே உள்ளே வந்தோம்?" என்பார் உளர். நுழைவுச் சீட்டு பார்க்கும் உரிமையைத் தருகிறது. துன்புறுத்தும் உரிமையை அன்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தன் 38-ஜே பிரிவில், பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும், அவற்றுக்குத் தீனி கொடுப்பதையும், கூச்சலிட்டுக் கலங்கச் செய்வதையும், அங்கே குப்பை போடுவதையும் தடைசெய்கிறது. நம்மில் எத்தனைபேர் இதை அறிவோம்?

இந்த மனப்பான்மைக்கு வயது அதிகம். 1855-இல் சென்னை அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் விலங்குக் காட்சியைத் தொடங்கியபோது, உயிருள்ள விலங்குகள் இருந்தால் கூட்டம் பெருகும் என்பதைக் கண்டிருந்தார். அந்தக் காட்சிச்சாலையே 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது. நெருக்கமான கூண்டுகள் போய், அகழி சூழ்ந்த திறந்தவெளிகள் வந்தன. 1992-இல் மைய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்து விதிகளை வகுத்தது. கூண்டு மாறிற்று, கூண்டுக்கு வெளியே நிற்பவர் மாறவில்லை.

"அப்படியானால் பூங்காக்களை மூடிவிடுங்கள்" என்பார் மற்றொரு சாரார். கேட்பதற்கு இனிய சொல். ஆனால் கூண்டிலேயே பிறந்ததும், காயமுற்று மீட்கப்பட்டதும் எந்தக் காட்டுக்குத் திரும்பும்? மேலும், பூங்காவை மூடினால் நம் பழக்கம் மூடப்படுமா? 2021 ஜூன் மாதத்தில் மனிதரிடையே பரவிய கொரோனா வண்டலூர்ச் சிங்கங்களையும் தொற்றியது. நீலா என்னும் பெண் சிங்கம் மாண்டது. நம் வாழ்வும் அவற்றின் வாழ்வும் வேலியால் பிரிந்தவை அல்ல.

தொடக்க நூலில் முதல் மனிதன் விலங்குகளுக்குப் பெயரிடுகிறான். பெயரிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் உற்று நோக்கியிருப்பான் அன்றோ? நாமோ எழுதி வைத்த பெயர்ப்பலகையையும் படிக்காமல் அடுத்த கூண்டுக்கு ஓடுகிறோம்.

இத்தனைக்கும் கல்வராயன் மலை நம் கண்ணெதிரே நிற்கிறது. பெரியார் அருவிக்கு நாம் எடுத்துச் செல்வதும் அதே பிளாஸ்டிக் பையைத்தான். அங்கே காட்டுவதும் அதே கூச்சலைத்தான். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் நம் கை பழகவில்லை.

அடுத்த கோடையில் குரும்பப்பட்டிக்குப் போவோம். ஆனால் ஐந்தே விலங்குகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் வாய்மூடி நிற்போம். மறுநாள் பிள்ளையை மீண்டும் வினவுவோம். "குரங்கு பயந்தது, நாங்கள் சற்று விலகி நின்றோம்" என்று அது சொல்லுமானால், அந்தப் பயணத்துக்குச் செலவழித்த காசு வீணாகவில்லை.